மச்சினனும் மூணு பேட்டரியும்!

காலை ஐந்தே முக்கால் மணி. அமெரிக்கா, அரிசோனா மாநிலம், கிராண்ட் கேன்யனின் தென்கரை. வெளியே புல்லெல்லாம் உறைபனி. வண்டிக்குள்ளே நான் கண்ணைத் திறந்தால், எதிர்க் கட்டிலில் மாமனார் உட்கார்ந்திருக்கிறார். தலையில் குரங்குக் குல்லாய். அதற்கு மேல் மஃப்ளர். அதற்கும் மேல் மாமியாரின் சால்வை. ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்டின மாதிரி!

"என்ன மாமா, சீக்கிரமே எழுந்துட்டீங்களா?"

"நான் எங்கே படுத்தேன் மாப்பிள்ளை? மெஷின் ஒண்ணே முக்காலுக்கே நின்னு போச்சு. கொஞ்ச நேரத்துல ஹீட்டரும் நின்னு போச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெஷின் என்று அவர் சொன்னது சி-பேப். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வரும் வியாதிக்காரர்களுக்கு, மூக்கில் மாஸ்க் மாட்டி காற்றை அழுத்தி அனுப்புகிற கருவி. அது இல்லாமல் மனிதர் தூங்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அதனால் தூங்காமலேயே நாலு மணி நேரம், பூஜ்யத்துக்குக் கீழே போன குளிரில் குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கிறார்.

"எங்களை எழுப்பியிருக்கலாமே மாமா?"

"நாலரை மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்து ரெண்டு பேரும் அசந்து தூங்கறீங்க. எழுப்பி என்ன பண்ணப் போறீங்க? உங்களுக்கும் தூக்கம் கெடும். அவ்வளவுதானே?"

மேல்தட்டிலிருந்து மச்சினன் தலை நீட்டினான். முகத்தில் ஈயாடவில்லை. அவன் சொன்ன முதல் வாக்கியம் இதுதான்:

"அது எப்படி அத்தான்? போன மாசம்தானே புது பேட்டரி போட்டேன்!"

வீட்டுக்குச் சக்கரம் முளைத்தால்...

கதையைக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுக்கிறேன். 2019 அக்டோபர். மச்சினனுக்கு பீனிக்ஸ் நகரத்துப் பக்கம் கம்ப்யூட்டர் உத்தியோகம். கல்யாணம் ஆகவில்லை. கையில் காசு, கேள்வி கேட்க ஆளில்லை. இந்த இரண்டும் சேர்ந்தால் மனிதன் என்ன செய்வான்? ஆர்.வி. வாங்குவான்!

ஆர்.வி. என்றால் சக்கரம் வைத்த வீடு. நம் ஊரில் சினிமாக்காரர்கள் ஷூட்டிங்கில் 'கேரவன்' வைத்திருக்கிறார்களே, அதற்கு அமெரிக்க அண்ணன். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் உள்ளேயே. இவன் வாங்கியது பதினெட்டு வயசான செகண்ட் ஹேண்ட். "வோட்டு போடுற வயசுடா அதுக்கு" என்றேன். கோபித்துக்கொண்டான்.

மாமனார், மாமியார், நான், என் மனைவி நாலு பேரும் போய் இறங்கியதும், "கிராண்ட் கேன்யன் போறோம். ஓட்டல் செலவே கிடையாது!" என்று கிளப்பிவிட்டான். மாமியார் மூன்று நாளைக்குத் தாங்குகிற மாதிரி புளியோதரை கட்டினார். பீனிக்ஸ் சுமார் ஆயிரத்து நூறு அடி உயரம். கிராண்ட் கேன்யன் தென்கரை சுமார் ஏழாயிரம் அடி, கிட்டத்தட்ட நம் ஊட்டி உயரம். கீழே விசிறிக் கொண்டு புறப்பட்டவர்கள் மேலே ஸ்வெட்டர் தேடினோம்.

தங்கியது மரங்களுக்கு நடுவில் ஒரு கேம்ப் மைதானம். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் வண்டிக்கு கரண்ட் கனெக்‌ஷன் கொடுக்கிற ப்ளக் பாயின்ட் அங்கே கிடையாது. வண்டியிலுள்ள ஜெனரேட்டரை காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம்தான் ஓட்டலாம். ராத்திரி மூச்! ஆக, இரவு பூரா பேட்டரியை நம்பித்தான் பிழைப்பு.

சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் மச்சினன் சுவரில் இருந்த பேனலில் ஒரு பட்டனை அழுத்தினான். நாலு விளக்கும் பளிச்சென்று எரிந்தன. "பார்த்தீங்களா அத்தான், பேட்டரி ஃபுல்!" என்றான்.

அந்த நாலு விளக்குதான் எங்களை ஏமாற்றியது. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

கரண்ட் அக்கவுன்ட், சேவிங்ஸ் அக்கவுன்ட்

நான் பி.காம். பிளஸ் ஒன்னில் காமர்ஸ் குரூப் எடுத்த அன்றைக்கே மின்சாரத்துக்கும் எனக்கும் இருந்த உறவு முறிந்தது. ஆனால் ஆர்.வி. பேட்டரியைப் புரிந்துகொள்ள பிசிக்ஸ் வேண்டாம் சார், பேங்க் கணக்கு தெரிந்தால் போதும். என் மாமனார் வேறு ரிடையரான பேங்க் கேஷியர். கேட்க வேண்டுமா!

ஆர்.வி.யில் இரண்டு பேட்டரி விஷயங்கள் தனித்தனியாக இருக்கும். ஒன்று, இன்ஜினை ஸ்டார்ட் பண்ண. இது கரண்ட் அக்கவுன்ட் மாதிரி. சில விநாடிக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரை வாரிக் கொடுக்கும். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் ஆல்டர்னேட்டர் உடனே திருப்பிக் கட்டிவிடும்.

இன்னொன்று வீட்டு பேட்டரி. விளக்கு, ஹீட்டர் விசிறி, தண்ணீர் பம்ப்பு, மாமனாரின் மெஷின் எல்லாம் இதன் தலையில். இது சேவிங்ஸ் அக்கவுன்ட். கொஞ்சம் கொஞ்சமாக, நீண்ட நேரம் எடுப்போம். அதற்கென்றே 'டீப் சைக்கிள்' என்று தனி ஜாதி பேட்டரி உண்டு. காருக்குப் போடுகிற பேட்டரியை இங்கே போட்டால் சீக்கிரமே சங்குதான்.

இந்த சேவிங்ஸ் கணக்கில் மினிமம் பேலன்ஸ் உண்டு. ஈயமும் ஆசிடும் கலந்த பேட்டரியில் பாதிக்குக் கீழே அடிக்கடி எடுத்தால் ஆயுசு குறையும். காலி பேட்டரியை அப்படியே போட்டுவைத்தால் அபராதம் அதைவிட அதிகம். உள்ளே தகடுகளில் ஈய சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அந்தப் பகுதி வேலை செய்யாது. 1859-ல் காஸ்டன் பிளாண்டே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த ஈய பேட்டரியைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து இன்றுவரை இதன் குணம் இதுதான்.

கணக்கில் பணம் போட நாலு வழி. ஒன்று, வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர். இரண்டு, ப்ளக் பாயின்ட் கிடைத்தால் அந்த 120 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றித் தருகிற கன்வெர்ட்டர். மூன்று, ஜெனரேட்டர். அதுவும் அதே கன்வெர்ட்டர் வழியாகத்தான். நாலு, கூரையில் சோலார். மச்சினன் வண்டியில் சோலார் இல்லை.

பதினாலு மாதத்தில் அவன் பார்த்தது மூணு பேட்டரி. வண்டியோடு வந்தது ஒன்று செத்தது. புதுசு ஒன்று செத்தது. இப்போது இது மூணாவது. "பேட்டரி கம்பெனிக்காரனுங்க எல்லாரும் ஃபிராடு அத்தான்" என்பது அவன் தீர்ப்பு. குற்றவாளிக் கூண்டில் பேட்டரியை மட்டுமே நிறுத்தியிருந்தான். மற்ற யாரையும் விசாரிக்கவே இல்லை!

தொப்பிக்காரர் வந்தார்

அன்று காலை ஜெனரேட்டரை ஸ்டார்ட் பண்ணப் போனால் அதுவும் கிளம்பவில்லை. ஏனென்றால் அதை ஸ்டார்ட் பண்ணுவதும் வீட்டு பேட்டரிதான்! கடனை அடைக்க அந்த பேங்க்கிலேயே கடன் கேட்ட கதை.

நாங்கள் முழிப்பதைப் பார்த்துவிட்டு பக்கத்து வண்டியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வயசு எழுபதுக்கு மேல். தலையில் தொப்பி, ஒரு கையில் காபி, இன்னொரு கையில் மல்டிமீட்டர். டெலிபோன் லைன் வேலையில் இருந்து ரிடையரானவராம். அவர் இங்கிலீஷ் எனக்குப் பாதி புரிந்தது. என் இங்கிலீஷ் அவருக்குக் கால்வாசி புரிந்தது. மச்சினன் மொழிபெயர்த்தான்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "பேட்டரியில் எத்தனை வோல்ட் இருக்கிறது?"

மச்சினன் பெருமையாக, "நேற்று நாலு லைட் எரிந்தது" என்றான்.

பெரியவர் சிரித்தார். வண்டி நின்ற உடனே பார்த்தால் எந்த பேட்டரியும் ஃபுல் மாதிரிதான் காட்டுமாம். சம்பளம் வந்த அன்று சாயங்காலம் பர்ஸைப் பார்த்து, 'நான் பணக்காரன்' என்று நினைப்பது மாதிரி. எதையும் எரிய விடாமல் சில மணி நேரம் சும்மா விட்டுப் பார்த்தால்தான் உண்மையான பேலன்ஸ் தெரியும்.

மீட்டரை பேட்டரியின் இரண்டு காதிலும் வைத்தார். 11.8. அதாவது, சுத்தமாகத் துடைத்துவிட்டது.

"மாப்பிள்ளை, பாஸ்புக்கைப் பார்க்காம செக் கிழிச்சிருக்கீங்க" என்றார் மாமனார், சால்வைக்குள்ளிருந்து.

பணம் எங்கே தொலைந்தது?

இனிமேல்தான் சார் விஷயமே. பெரியவர் பேட்டரியைத் திட்டவில்லை. 'போட்ட பணம் வந்து சேர்ந்ததா?' என்று மட்டும் பார்த்தார். ஆடிட்டர் மாதிரி ஒவ்வொரு வவுச்சராக.

முதலில் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். இன்ஜின் பேட்டரியில் மீட்டர் வைத்தார். 14.1. ஆல்டர்னேட்டர் அமோகமாக வேலை செய்கிறது. ஹெட் ஆபீஸ் ஓ.கே.

அடுத்து, இன்ஜினிலிருந்து வீட்டு பேட்டரிக்கு கரண்டைத் திறந்துவிடுகிற ரிலே. இன்ஜின் ஓடும்போது இரண்டு பேட்டரியையும் சேர்க்கும். இன்ஜின் நின்றால் பிரிக்கும். இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க லைட் எரித்துவிட்டு காலையில் வண்டியே கிளம்பாது. அந்த ரிலேக்கு உள்ளே வருவது 14.1, வெளியே போவது 14. அதுவும் ஓ.கே.

கடைசியாக வீட்டு பேட்டரி. அங்கேயும் 14-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அல்லது ஏறிக்கொண்டாவது இருக்க வேண்டும். இருந்தது 12.4. ஐந்து நிமிஷம் காத்திருந்தோம். அசையவில்லை.

ஹெட் ஆபீஸ் அனுப்பிய பணம் பிராஞ்சுக்கு வரவில்லை!

அடுத்து, டாஷ்போர்டில் ஒரு அவசர ஸ்விட்சை அழுத்திக்கொண்டே ஜெனரேட்டரை ஸ்டார்ட் பண்ண வைத்தார். அந்த ஸ்விட்ச் இன்ஜின் பேட்டரியையும் துணைக்கு அழைக்கும். ஜெனரேட்டர் ஓடியது. கன்வெர்ட்டரின் வாயில் மீட்டர் வைத்தால் 13.9. பேட்டரியில் வைத்தால் அதே பழைய 12.4!

இப்போது பெரியவர் எங்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "இரண்டு வேறு வேறு இடத்திலிருந்து கரண்ட் வருகிறது. இரண்டுமே நல்லபடி கிளம்புகிறது. இரண்டுமே வந்து சேரவில்லை. அப்படியானால் கோளாறு எங்கே இருக்கும்?"

என் மனைவி பட்டென்று சொன்னாள்: "ரெண்டுக்கும் பொதுவான வழியிலே!"

பெரியவர் அவளுக்கு ஒரு சல்யூட் அடித்தார். எனக்கும் மச்சினனுக்கும் அடிக்கவில்லை.

பொது வழி எது? பேட்டரியின் பாசிட்டிவ் வயர், அப்புறம் நெகட்டிவ் வயர். பாசிட்டிவில் பழுதில்லை. நெகட்டிவ் வயர் பேட்டரியிலிருந்து கிளம்பி, வண்டியின் இரும்புச் சட்டத்தில் ஒரு போல்ட்டில் போய் முடிகிறது. நம்மூர் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் பாஷையில் 'பாடி எர்த்'. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை சட்டத்தில் சுரண்டிய ஓர் இடத்திலும் வைத்தார். நியாயமாக அங்கே கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு வோல்ட் போனால் போகிறது. காட்டியது ஒன்றரை வோல்ட்!

ஒன்றரை வோல்ட்டை வழியிலேயே யாரோ கமிஷன் அடிக்கிறார்கள்.

பெரியவர் குப்புறப் படுத்து டார்ச் அடித்தார். போல்ட் இருந்தது. இறுக்கமாகவே இருந்தது. ஆனால் போல்ட்டைச் சுற்றிச் சட்டம் முழுக்க, கண்ணைப் பறிக்கும் புத்தம் புது கறுப்பு பெயின்ட்!

"யார் பெயின்ட் அடிச்சது?" என்றார்.

நாங்கள் அத்தனை பேரும் மச்சினனைப் பார்த்தோம். மச்சினன் கிராண்ட் கேன்யனைப் பார்த்தான்.

வண்டி வாங்கிய முதல் மாதம், துருப்பிடிக்காமல் இருக்க அடிப்பக்கம் பூரா ஸ்பிரே பெயின்ட் அடித்திருக்கிறான். அதற்காக எர்த் வயரைக் கழற்றி, பெயின்ட் அடித்து, காய்ந்ததும் பெயின்ட் மேலேயே வயரை வைத்து முடுக்கியிருக்கிறான். பெயின்ட்டுக்குள் கரண்ட் போகுமா? போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சம் கசிந்து போயிருக்கிறது. அவ்வளவுதான். முப்பது ஆம்பியர் ஏற வேண்டிய இடத்தில் ஏழோ எட்டோ ஏறியிருக்கிறது.

நாலு விளக்கு எரிந்த ரகசியமும் இதுதான். பேனல் பேட்டரியின் கணக்கைப் பார்க்கவே இல்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தபோது ஒயரில் இருந்த 14 வோல்ட்டைப் பார்த்துவிட்டு 'ஃபுல்' என்றது. ஹெட் ஆபீஸ் கல்லாவைக் காட்டி, உன் பாஸ்புக்கில் பணம் இருக்கிறது என்று சொன்ன மாதிரி.

முன்னாலேயே ஒரு அறிகுறி இருந்திருக்கிறது. ஹீட்டர் விசிறி சுற்ற ஆரம்பித்தால் விளக்கெல்லாம் மங்குமாம். "பழைய வண்டிதானே, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்" என்றான். பேட்டரிக்கு உள்ளே போகிற கரண்டுக்குத் தடையாக இருந்த பெயின்ட், வெளியே வருகிற கரண்டுக்கும் தடை!

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, போல்ட்டை எடுத்து, உப்புத்தாளால் இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்தோம். வயர் நுனியையும் தேய்த்தோம். இறுக்கி முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் பூசினோம். இருபது நிமிஷ வேலை. ஜெனரேட்டரைப் போட்டால் பேட்டரியில் மீட்டர் 12.9, 13.1, 13.3 என்று மாடிப்படி ஏறுகிற மாதிரி ஏறியது. உப்புத்தாளுக்கு ஆன செலவு பூஜ்யம். பெரியவரிடமே இருந்தது.

ஸ்டோர் ரூம் ஸ்விட்ச்!

"அதெல்லாம் சரி, நின்ற இடத்திலேயே இந்த வண்டியின் பேட்டரி காலியாகுமா?" என்றார் பெரியவர்.

ஆகும்! மச்சினன் குடியிருக்கும் காலனியில் ஆர்.வி.யை வாசலில் நிறுத்தக் கூடாது என்று சட்டம். ஊருக்கு வெளியே வாடகைக்கு ஒரு மைதானத்தில் நிறுத்துகிறான். அங்கே ப்ளக் பாயின்ட் கிடையாது. மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தால் பேட்டரி காலியாக இருக்கும்.

பெரியவர் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்விட்சைக் காட்டினார். ஒரு பக்கம் 'யூஸ்', இன்னொரு பக்கம் 'ஸ்டோர்'. வண்டியை நிறுத்திவைக்கும்போது 'ஸ்டோர்' பக்கம் அழுத்தினால் வீட்டு பேட்டரியின் இணைப்பு துண்டிக்கப்படும்.

"இதை நீ அழுத்தறதே இல்லையா?" என்றேன்.

மச்சினன் தலையைச் சொறிந்தான். "ஸ்டோர் ரூம் லைட்டுன்னு நினைச்சேன் அத்தான்..."

ஆர்.வி.யில் கேஸ் கசிவைக் கண்டுபிடிக்கிற கருவி, ரேடியோவின் ஞாபக சக்தி, ஃபிரிட்ஜின் சர்க்யூட் போர்டு என்று தூங்காத ஜீவன்கள் சில உண்டு. எல்லாம் சேர்ந்து கால் ஆம்பியர் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு ஆறு ஆம்பியர்-ஹவர். இவன் பேட்டரி 100. பதினேழு நாளில் கணக்கு குளோஸ்! மீதி நாளெல்லாம் காலி பேட்டரி வெயிலில் கிடந்து சல்பேட் பூத்திருக்கிறது. பிறகு வண்டியை ஓட்டினாலும், பெயின்ட் வழியாகச் சொட்டுச் சொட்டாகத்தான் சார்ஜ். மூணு என்ன, முப்பது பேட்டரி போட்டாலும் சாகத்தான் செய்யும்.

சில வண்டிகளில் அந்த ஸ்விட்சையும் தாண்டி ஒன்றிரண்டு கருவி கரண்ட் குடித்துக்கொண்டிருக்கும். ரொம்ப நாள் நிறுத்துவதானால் நெகட்டிவ் வயரையே கழற்றிவைப்பது உத்தமம் என்றார் பெரியவர்.

வரவு எட்டணா, செலவு?

வரவைச் சரி பண்ணியாச்சு. செலவு? மாமனார் பேனா கேட்டார். புளியோதரை கட்டிவந்த பேப்பரின் பின்பக்கம் கோடு போட்டார். கேஷியர் கை சும்மா இருக்குமா?

ஹீட்டர் விசிறி 7 ஆம்பியர். ராத்திரி எட்டு மணி நேரத்தில் பாதி நேரம் ஓடினால் 28. சி-பேப் மெஷின், காற்றை ஈரமாக்கிச் சூடாக்குகிற வசதியோடு 4 ஆம்பியர், எட்டு மணி நேரத்துக்கு 32. விளக்கு, பம்ப்பு, ஃபிரிட்ஜ் போர்டு எல்லாம் சேர்த்து 10. ஆக மொத்தம் 70. பேட்டரியில் நியாயமாக எடுக்கக் கூடியது 50.

"எர்த்து நல்லா இருந்திருந்தாலும் இது பற்றாக்குறை பட்ஜெட்டுதான்" என்றார் மாமனார்.

வெட்டு விழுந்தது. மெஷினின் ஈரம், சூடு இரண்டையும் அணைத்தால் பாதியாகக் குறையும். மூக்கு கொஞ்சம் வறளும். "பரவாயில்லை, மூச்சு வந்தா போதும்" என்றார். மஞ்சள் குண்டு பல்பு ஒவ்வொன்றும் ஒன்றரை ஆம்பியர் தின்கிறது. எல்.இ.டி. போட்டால் அதில் ஆறில் ஒரு பங்குகூட ஆகாது. அன்றைக்கு எல்.இ.டி. இல்லை. அதனால் ஒரே பல்பு. ஹீட்டர் சூட்டைக் கொஞ்சம் குறைத்து, ஆளுக்கு ஒரு கம்பளி கூடுதல். மொத்தம் 45-க்கு வந்தது. பட்ஜெட் பாஸ்!

அன்று பகலில் கேன்யன் விளிம்பு ஓரமாகவே 40 கிலோ மீட்டர் ஓட்டிக்கொண்டு டெஸர்ட் வியூ போனோம். 1932-ல் மேரி கோல்ட்டர் என்ற பெண்மணி வடிவமைத்த கல் கோபுரம் அங்கே நிற்கிறது. கீழே ஒரு மைல் ஆழத்தில் கொலராடோ ஆறு, நூல் மாதிரி. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். மச்சினன் மட்டும் அரை மணிக்கொரு தரம் ஓடிப்போய் மீட்டரைப் பார்த்தான்.

உங்களுக்கு எதற்கு இது?

'எனக்கு ஆர்.வி.யும் இல்லை, அமெரிக்க மச்சினனும் இல்லை. எனக்கெதற்கு?' என்கிறீர்களா? வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா? பைக்கில் செல்ஃப் ஸ்டார்ட் இருக்கிறதா? அப்படியானால் உங்களுக்கும் இதே வைத்தியம்தான். கடைக்காரர் "பேட்டரி போச்சு சார்" என்று சொல்வதற்கு முன்னால் நீங்கள் ஒரு தடவை மீட்டர் வைத்துப் பாருங்கள். சில நூறு ரூபாய் மல்டிமீட்டர், பல ஆயிரம் ரூபாய் பேட்டரியைக் காப்பாற்றும்.

இப்போது லித்தியம் பேட்டரி வந்துவிட்டது. ஈயம் மாதிரி பாதியோடு நிறுத்த வேண்டியதில்லை, பெரும்பகுதியை எடுக்கலாம். ஆனால் அதற்கு வேறு குணம். பழைய கன்வெர்ட்டர் அதை முழுசாக நிரப்பாமல் போகலாம். ஆல்டர்னேட்டரிலிருந்து நேராகக் கொடுத்தால் ஏராளமாக உறிஞ்சி, ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். நடுவில் டி.சி.-டு-டி.சி. சார்ஜர் வேண்டும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதற்கு சார்ஜ் ஏற்றவே கூடாது. வோல்ட்டை வைத்து மீதியைக் கணக்கிடவும் முடியாது. கடைசிவரை 13 வோல்ட்டிலேயே நின்று, திடீரென்று விழும். போன, வந்த ஆம்பியரை எண்ணுகிற தனி மீட்டர்தான் அதற்கு பாஸ்புக்.

வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்!

● சும்மா இருக்கும் ஈய பேட்டரியில்: 12.7 ஃபுல். 12.4 முக்கால். 12.2 பாதி. 12 கால். 11.8 காலி. (கொஞ்சம் முன்னே பின்னே.)

● சார்ஜரைப் போட்டதும் பேட்டரியின் காதிலேயே வோல்ட் ஏறுகிறதா பாருங்கள். ஏறி 13-ஐத் தாண்டினால் பணம் வந்து சேருகிறது. ஏறவில்லையென்றால் பேட்டரியைத் திட்டாதீர்கள், வழியைப் பாருங்கள்.

● சார்ஜர் வாயிலும் அதே நேரம் பாருங்கள். அங்கேயே இல்லையென்றால் ப்ளக் பாயின்ட், டிரிப் ஆன ஸ்விட்ச், ஃப்யூஸ். எப்போதாவது பேட்டரியைத் தலைகீழாக மாட்டியிருந்தால் கன்வெர்ட்டரில் அதற்கென்று இருக்கும் ஃப்யூஸ் போயிருக்கும்.

● அங்கே இருந்து இங்கே இல்லையென்றால் வயர், டெர்மினல், எர்த்து. பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள்.

● வோல்ட் நன்றாக ஏறியும், சார்ஜை எடுத்த சில மணி நேரத்தில் தானாக விழுந்துவிட்டால்... அப்போதுதான் பேட்டரி குற்றவாளி.

● மூடி திறக்கிற பேட்டரியானால் தண்ணீர் பாருங்கள். டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். தகடு மூழ்கும் அளவு இருந்தால், முழு சார்ஜ் ஏறிய பிறகு ஊற்றுங்கள்.

● கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பக்கத்தில் நெருப்பு, பீடி, சிகரெட் கூடாது. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும்.

இரண்டாம் இரவு

மாலையில் ஜெனரேட்டரை ஓட்டி நிறுத்தி, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தோம். 12.6. மாமனார் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்தார். உஸ்ஸ்ஸ்... உஸ்ஸ்ஸ்... என்று மெஷின் ஆரம்பித்தது.

ராத்திரி எனக்கு விழிப்புத் தட்டியது. மணி ஒண்ணே முக்கால். இருட்டில் யாரோ நடமாடுகிற சத்தம். பார்த்தால், மச்சினன். கையில் டார்ச், மீட்டர். அப்பாவின் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறான்.

"எவ்வளவுடா?"

"12.3 அத்தான். நீங்க தூங்குங்க."

அவன் போய்ப் படுக்கவில்லை. மாஸ்க்குக்குள் அப்பாவின் மூச்சு ஒரே சீராக வந்து போவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். முதல் நாள் ராத்திரி நாலு மணி நேரம் அந்த மனிதர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தது அவனைக் குடைந்திருக்க வேண்டும். பேட்டரி மாதிரிதான் வீட்டுப் பெரியவர்களும். இறங்கிக்கொண்டே வந்தாலும் தானாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

காலையில் ஆறரைக்கு மாமனார் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு எழுந்தார். குல்லாய் இல்லை, சால்வை இல்லை.

"நல்லா தூங்கினேன் மாப்பிள்ளை" என்றார். அப்புறம் மகனைப் பார்த்து, "குளோசிங் பேலன்ஸ் எவ்வளவுடா?"

"12.2 அப்பா."

"பரவாயில்லை, மினிமம் பேலன்ஸ் இருக்கு. கணக்கை எடுத்து எழுதி வை" என்றார் ரிடையரான கேஷியர்.

எழுதிவைத்தான். பீனிக்ஸ் திரும்பியதும் முதல் வேலையாக ஒரு மல்டிமீட்டர் வாங்கினான். மிச்சமிருந்த கறுப்பு ஸ்பிரே டப்பாவை என்ன செய்தான் என்று மட்டும் இன்றுவரை சொல்ல மறுக்கிறான்!